ஏறாத முள்

முள் ஏழில் நின்றது.

காலை எட்டு மணி. கடலூர் முதுநகரைத் தாண்டித் தெற்கே போகிற சாலையில் ஒரு தொழிற்சாலை. அதன் பின்பக்கம், கம்பி வேலிக்குள், வெள்ளை அடித்த புரொப்பேன் டாங்கி. டேங்கர் லாரியிலிருந்து அந்த டாங்கிக்குக் கேஸ் இறக்குகிற குழாயில், நான் பழுது பார்த்த வால்வை அப்போதுதான் திரும்ப மாட்டியிருந்தேன். குழாயின் இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளே நைட்ரஜன் ஏற்றி, பிரஷர் கேஜுக்கு முன்னால் மூன்று பேர் நின்றிருந்தோம்.

ஒருவர் தொழிற்சாலை மேனேஜர். இன்னொருவன் லூர்து. அங்கே பதினோரு வருடமாக டாங்கி ஆபரேட்டர். என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. மூன்றாவது ஆள் நான். ஒப்பந்தத்தில் வால்வு வேலை செய்கிறவன்.

சோதனை ரொம்ப எளிது. ஏழு கிலோ பிரஷர் ஏற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. இறங்காவிட்டால் லீக் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.

எட்டே முக்கால் ஆனது. முள் ஏழிலேயே நின்றது. மாசிக் கடைசி வெயில் குழாய் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. லூர்து குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டான்.

“மாமா, வெயில் ஏறிக்கினே இருக்கு. பைப்பு சுடுது. முள்ளு கொஞ்சமாவது ஏறணும்ல? ஏறலியே?”

நான் அவசரத்தில் இருந்தேன். மேனேஜர் வேறு பக்கத்தில் நிற்கிறார்.

“இன்னா மச்சான், முள்ளு ஏறணுமா உனக்கு? இறங்கலன்னா லீக் இல்ல. பதினோரு வருஷமா இதக் கட்டிக்கினு அழுவுற, இதுகூடத் தெரியலியா?”

மேனேஜர் சிரித்தார். லூர்தும் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

போன வாரம் இந்தத் தொடரில் மஸ்கட் கேம்ப் சாப்பாட்டைப் பற்றி எழுதியதற்குச் சிலர் விழுந்து விழுந்து சிரித்ததாகக் கடிதம் போட்டிருந்தார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் என் பட்டறையிலிருந்து தொடங்கினால்தான் இது புரியும்.

கருவாடும் கண்ணும்

மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்ததும் முதுநகரில் ஒரு ஷெட் பிடித்தேன். ஷெட்டுக்குப் பின்னால் கருவாடு காயும். வாடிக்கையாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள், வால்வை வைத்துவிட்டு ஓடுவார்கள். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

கேஸ் ஒழுகினால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அதில் அழுகின முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாடையைக் கலக்கிறார்கள். என் பட்டறையில் அந்த வித்தை செல்லாது. கருவாட்டு வாடைக்கு முன்னால் எந்த முட்டைக்கோஸும் எடுபடாது. அதனால் மூக்கை விட்டுவிட்டுக் கண்ணை நம்பப் பழகினேன். முள்ளை நம்பு, குமிழியை நம்பு. வேறு யார் பேச்சையும் நம்பாதே. இதை ஒரு கொள்கை மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். திமிருக்குக் கொள்கை என்று பேர் வைத்துக்கொள்வது சுலபம்.

அந்த வால்வைப் பிரித்தபோது உள்ளே உட்காரும் பகுதியில் முடி கனத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. கேஸோடு வந்த துருத் துகள் ஏதோ கீறியிருக்க வேண்டும். வால்வை மூடினாலும் அந்தக் கோட்டின் வழியாகக் கேஸ் நழுவிப் போகும். எங்கள் தொழிலில் இதை ‘பாஸ் ஆகுது’ என்போம்.

அரைக்கிற பேஸ்ட் தடவி, வால்வு மூடும்போது தொட்டுக்கொள்ளும் இரண்டு முகத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, அரை வட்டம் இந்தப் பக்கம், அரை வட்டம் அந்தப் பக்கம் என்று தேய்க்க வேண்டும். ஒன்றரை நாள் தேய்த்தேன். பிறகு நீலச் சாயம் பூசி ஒரு முறை உட்கார வைத்து எடுத்தால், சாயம் முழு வளையமாக ஒட்டியிருக்க வேண்டும். எங்காவது ஒரு இடத்தில் விட்டிருந்தாலும் திரும்பத் தேய்க்க வேண்டும். எனக்கு முழு வளையம் கிடைத்தது. தண்டைச் சுற்றி இருந்த பழைய பேக்கிங் கயிற்றைக் கொக்கி போட்டு இழுத்துவிட்டு டெஃப்லான் வளையங்கள் வைத்தேன். மூடிக்குப் புது கேஸ்கெட் போட்டேன்.

மீன் அலம்புகிற பெரிய பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பி, வால்வை முக்கி, காற்று ஏற்றிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்க்கிற அதே வேலைதான். சைக்கிள் கடைக்காரர் நம்மைப் போல் அலட்டிக்கொள்ள மாட்டார், அதுதான் வித்தியாசம்.

வால்வில் குறை இல்லை. இன்றைக்கும் சொல்வேன், அந்த வால்வில் குறையே இல்லை.

சந்தனம் உண்டு, சூடம் கிடையாது

வால்வு மாட்டிய இடம் சரியில்லாத இடம். குழாயும் வால்வும் சேரும் ஃபிளாஞ்சில் எட்டு போல்ட். கீழே இருக்கும் இரண்டும் டாங்கியைச் சுற்றிய குட்டைச் சுவரை ஒட்டி இருக்கும். ஸ்பேனர் கால் சுற்றுக்கு மேல் திரும்பாது. எடுத்து மாட்டி, எடுத்து மாட்டி, பல் பல்லாகத்தான் முறுக்க வேண்டும். அதன் அடிப்பக்கம் கண்ணுக்கும் தெரியாது. முகச்சவரக் கண்ணாடியைக் கீழே நீட்டித்தான் பார்க்க முடியும். அந்தக் கண்ணாடி எப்போதும் என் டூல் பையில் இருக்கும்.

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். பழுது பார்த்த எதையும் முதல் தடவை ஓட்டும் முன் சந்தனம், குங்குமம் வைப்பார்கள், ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி வைப்பார்கள். கற்பூரம் மட்டும் வெளிக் கேட்டுக்கு அந்தப் பக்கம், ரோட்டோரம். அங்கே சூடம் காட்டிவிட்டு, கையால் அந்த ஒளியை டாங்கி இருக்கும் திசைக்குத் தள்ளிவிடுவார்கள். லூர்துதான் சந்தனம் வைக்கிற ஆள். “நீ அந்தோணியார் கோயிலுக்குப் போறவன், உனக்கு எதுக்குடா இது?” என்று கேட்டால், “எல்லா சாமியும் டூட்டியில இருக்கட்டும் மாமா, கேஸாச்சே” என்பான்.

அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். அதையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று காலை அந்தக் கீழ் போல்ட் இரண்டையும் முறுக்கியது நான். பல் பல்லாக முறுக்கினேன். எத்தனை பல் என்று எண்ணவில்லை. போதும் என்று கை சொன்ன இடத்தில் நிறுத்தினேன். கைக்கு அன்று வேறு வேலை இருந்தது. மேலே இருந்த ஆறு போல்ட்டுக்கும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், குமிழி இல்லை. கீழே பார்க்கக் கண்ணாடியை எடுக்கவில்லை. முள்தான் நிற்கிறதே, அப்புறம் கண்ணாடி எதற்கு?

ஒன்பது மணிக்குத் தாளில் எழுதினேன்: ‘ஒரு மணி நேரம். முள் நகரவில்லை. லீக் இல்லை.’ கையெழுத்துப் போட்டேன். லூர்து பக்கத்தில் நின்று பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சட்டையை மாற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

பொன்னாடை

என்ன அவசரம் என்றுதானே கேட்கிறீர்கள்? யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. பெண் பார்க்கப் போகவில்லை. சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் பதினோரு மணிக்கு எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. பாதுகாப்பு வாரம். ‘கேஸ் குழாய்களில் பாதுகாப்பு’ என்ற தலைப்பில் மாணவர்களுக்கு நான் பேச வேண்டும்.

ஊருக்கு உபதேசம் பண்ணப் போகிற அவசரத்தில்தான் உறவுக்காரன் தலையில் கல்லைத் தூக்கி வைத்துவிட்டுப் போனேன்.

நன்றாகப் பேசினேன். பொய் சொல்லவில்லை, நன்றாகத்தான் பேசினேன். மஸ்கட் கதை இரண்டு சொன்னேன். கருவாட்டுக் கதை சொன்னேன், அரங்கமே சிரித்தது. “மனுஷன் பொய் சொல்வான், கேஜ் முள் பொய் சொல்லாது” என்று முடித்தேன். கை தட்டினார்கள்.

கேள்வி நேரம். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஒல்லியான பெண். ஒரு நோட்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

“சார், அடைச்ச பைப்புக்குள்ள கேஸ் சூடானா பிரஷர் ஏறும்ல சார்? அப்ப வெயில்ல டெஸ்ட் பண்ணா, லீக்ல கொறையறதும் சூட்டுல ஏறுறதும் சரிக்குச் சரியாப் பூடுமே சார். முள்ளு நகராமயே நிக்கும். அத எப்டி சார் கண்டுபிடிப்பீங்க?”

காலையில் லூர்து சொன்னதும் இதுதான். அவன் வார்த்தையில் சொன்னான், இவள் பாடப் புத்தக வார்த்தையில் சொல்கிறாள். பதினோரு வருடமாகத் தினமும் காலையில் டாங்கிப் பிரஷர் வெயிலோடு ஏறுவதை நோட்டில் எழுதி வைக்கிறவன் அவன். அடைபட்ட குழாய் சுட்டால் முள் ஏற வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும். ஏறவில்லை என்றால் ஏற வேண்டியது எங்கோ வெளியே போகிறது. எனக்கு அது தெரியாமல் இருந்ததா? தெரியும். தெரிந்ததை அவன் வாயிலிருந்து கேட்கத்தான் பிடிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “நம்ம ஊர் வெயில்ல முள்ளு மட்டுமா உருகும், ஃபிட்டரே உருகிடுவான்மா” என்றேன். அரங்கம் சிரித்தது. அவள் சிரிக்காமல் உட்கார்ந்தாள்.

ஒரு போன்

மணி பன்னிரண்டு. “ஒரு நிமிஷம்” என்று வெளியே வந்தேன். கேஸ் வளாகத்துக்குள் செல்போன் எடுத்துப் போகக் கூடாது, அதனால் கேட் செக்யூரிட்டி அறைக்குப் போட்டு லூர்தைக் கூப்பிடச் சொன்னேன். அவன் நடந்து வர இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடமும் வராந்தாவில் நின்று வாக்கியத்தைத் தயார் பண்ணினேன். ‘மச்சான், நீ சொன்னதுதான் சரி. லாரியில கை வெக்காத. நான் வந்து திரும்ப டெஸ்ட் பண்றேன்.’ அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வார்த்தை.

“சொல்லுங்க மாமா.” ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

“இன்னா மச்சான், எல்லாம் ஓகேவா?”

“ஓகேதான் மாமா. லாரி உள்ள வந்துடுச்சு. எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. இனிமேதான் ஹோஸ் மாட்டணும்.”

வராந்தாத் தூணில் ஒட்டியிருந்த பாதுகாப்பு வார நோட்டீஸை ஒரு வரி விடாமல் படித்தேன்.

“ஏன் மாமா? எதனா சொல்லணுமா?”

உள்ளே மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தப் போகிறார்கள்.

“ஒண்ணும் இல்லடா. சும்மாதான் பண்ணேன்.”

போனை வைத்தேன். காலையில் மேனேஜர் முன்னால் மட்டம் தட்டியவனிடம், மத்தியானம் அதே மேனேஜர் காதுக்குப் போகிற மாதிரி ‘நீதான் சரி’ என்று சொல்ல வேண்டும். லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் என் கையெழுத்தின் மதிப்பு போய்விடும். இதையெல்லாம் அந்த ஒரு மூச்சில் நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் எல்லாம் எனக்குள் இருந்தது. சிறிய லீக்தான், பார்த்துக்கொள்வான் என்றும் ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்புக்கு இன்றும் என்னால் மன்னிப்புக் கொடுக்க முடியவில்லை.

சரிகை போட்ட பச்சைப் பொன்னாடை. கழுத்தில் குத்தியது. சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டேன்.

வெள்ளைப் புகை

புரொப்பேன் திரவம் வெளியே வந்தால் அந்த நொடியே ஆவியாகும். ஆவியாகும்போது அக்கம்பக்கத்துச் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அது படுகிற இடம் ஐஸைவிடப் பல மடங்கு குளிர்ந்துபோகும். நெருப்பில்லாமலே வெந்துபோகும் கை.

நடந்ததை லாரி டிரைவர் பிறகு சொன்னார். கேஸ் இறங்க ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஃபிளாஞ்சின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு புகை கிளம்பியது. லூர்து கத்தினான். டிரைவர் குதித்து ஓடினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைக்குட்டிக்காரர். லூர்து ஓடவில்லை. லாரிப் பக்கத்து வால்வை முதலில் மூடினான். டாங்கியிலிருந்து கேஸ் திரும்பி வராமல் இருக்க நான் மாட்டிய வால்வையும் மூட வேண்டும். அதன் சக்கரம் புகைக்குள் இருந்தது. அவன் போட்டிருந்தது பருத்திக் கையுறை. அது நனைந்து விரலோடு ஒட்டிக்கொண்டது. முழுக்க மூடிவிட்டுத்தான் கையை எடுத்தான்.

ஒரு பொறி பட்டிருந்தால் அங்கே யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

கடலூரில் முதலுதவி செய்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு என்று சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். நான் சிதம்பரத்திலேயேதான் இருந்தேன். பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். ஆம்புலன்ஸிலிருந்து இறக்கியபோது அவன் வலது கை விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. என்னைப் பார்த்தான். “மூடிட்டேன் மாமா” என்றான்.

மோதிர விரலும் சுண்டு விரலும் நடுக்கணுவோடு போயின.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்தாள். தொழிற்சாலை ஆட்கள் அவளிடம் முன்பே கதை சொல்லியிருந்தார்கள். “புகைக்குள்ள போயி கைய வுட்டானாமே! எவனாவது வுடுவானா? சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான், எல்லாத்துலயும் அவசரம் இவனுக்கு” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறுதல் சொல்கிற கணவன் மாதிரி இருந்திருக்கும், பார்க்கிறவர்களுக்கு.

காகிதம் பேசியது

இரண்டு வாரம் கழித்து விசாரணை. அதற்கு முதல் நாள் என் பட்டறைக் கூரைமேல் ஏறினேன். ஒரு துண்டுக் குழாயை இரண்டு பக்கமும் அடைத்து, காற்று ஏற்றி, கேஜ் மாட்டி வெயிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு ஏழு கிலோ. ஒன்பது மணிக்கு முள் ஏழைத் தாண்டி ஒரு கோடு மேலே நின்றது. ஒழுகாத குழாய் அப்படித்தான் நிற்கும். தெரிந்த விஷயத்தைத்தான் பார்த்தேன். இருந்தாலும் பத்து மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

விசாரிக்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேனேஜர். மேசைமேல் என் தாள். லூர்து கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தான்.

“டெஸ்ட்டுல எதாவது சந்தேகம் இருந்துச்சா?” என்று மேனேஜர் என்னைக் கேட்டார். அன்று காலை என் பக்கத்தில் நின்று சிரித்தவர்தான் கேட்கிறார். என் கண்ணைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்துக் கேட்டார்.

“முள்ளு நகரல சார்,” என்றேன்.

உண்மைதானே? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இவ்வளவு அயோக்கியத்தனமான உண்மையை நான் அதற்கு முன்னும் பின்னும் சொன்னதில்லை.

அடுத்து லூர்தைக் கேட்டார்கள். “டெஸ்ட் நடக்கும்போது நீயும் இருந்தியே, எதனா கவனிச்சியா?”

அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

“இல்ல சார். ஒண்ணும் கவனிக்கல.”

அப்புறம் காகிதம் தானாகப் பேசியது. டெஸ்ட்டில் இல்லாத லீக் மூன்று மணி நேரத்தில் எப்படி வந்தது? நடுவில் யாரோ ஃபிளாஞ்சில் கை வைத்திருக்க வேண்டும். ஹோஸ் மாட்டும்போது இடித்திருக்கலாம், ஸ்பேனர் போட்டிருக்கலாம். அங்கே இருந்த ஆபரேட்டர் யார்? லூர்து. ‘கவனக்குறைவு, அவசரம்’ என்று எழுதினார்கள். தானாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் கௌரவம் என்றார்கள். வலது கையில்தான் கட்டுப் போட்டிருந்ததே, இடது கையால் கிறுக்கிக் கொடுத்தான்.

எனக்கு ஒப்பந்தம் தொடர்ந்தது. அடுத்த வருடம் பாலிடெக்னிக்கில் திரும்பவும் கூப்பிட்டார்கள். போகவில்லை. அது ஒன்றைத்தான் செய்தேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ள முடியுமா?

சிதம்பரம் ஸ்டாண்டில்

லூர்து சிதம்பரத்துக்குக் குடி போனான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். டீசல் வண்டி. மூன்று விரலால் ஆக்சிலேட்டர் பிடிக்கப் பழகிக்கொண்டான்.

ஒரு வருடம் தாங்கினேன். பிறகு ஒரு மத்தியானம் போய் அவன் வண்டியிலேயே உட்கார்ந்து, இறங்காமல், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் கேட்ட கேள்வி, கூரைமேல் வைத்த குழாய், எல்லாம். அவன் கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“தெரியும் மாமா,” என்றான்.

“தெரிஞ்சா என்கொயரியில ஏன்டா வாயத் தொறக்கல?”

“தொறந்தா இன்னா ஆவும்? உங்களுக்கும் வேல பூடும். அக்கா இன்னா பண்ணும்? ரெண்டு ஊட்டுலயும் ஒரே நாள்ல அடுப்பு அணையணுமா? பழி போட அவுங்களுக்கு ஒருத்தன் வேணும். வெரலு போனவன் ஏற்கெனவே வீணாப் போனவன், அவனே இருந்துட்டுப் போறான்னு வுட்டுட்டேன்.”

“அக்காகிட்ட நான் சொல்லிடறேன்.”

“வேணாம். அது தாங்காது. உங்க மேல ஜாஸ்தி உசுரு வெச்சிருக்கு.”

எனக்கு அழுகை வந்தது. அவன் ஆறுதல் சொல்லவில்லை. துணியை உதறி மடித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“எனக்கு லீக்கு மேல கோவம் இல்ல மாமா. போல்ட்டு யாருக்கும் லூசாவும். காலையில திட்டுனீங்க, அதுகூடப் பரவால்ல, நம்ம மாமாதானேன்னு வுட்டுட்டேன். மத்தியானம் போன் பண்ணீங்க பாருங்க. அதான் மாமா. சும்மா போன் பண்ற ஆளா நீங்க? இத்தினி வருஷத்துல ஒரு தடவ சும்மா பண்ணியிருக்கீங்களா? ரிசீவர வெச்சிட்டு அங்கயே நின்னேன். இவரு எதையோ சொல்ல வந்துட்டு முழுங்குறாருன்னு தோணிச்சு. திரும்பப் பண்ணுவாருன்னு பாத்தேன். அஞ்சு நிமிஷம் நின்னேன் மாமா. லாரிக்காரன் ஆரன் அடிச்சான், போயிட்டேன்.”

பயணிகள் வந்து ஏறினார்கள். நான் இறங்கிக்கொண்டேன்.

ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவன் சொன்னது எனக்கு எவ்வளவு வசதி! அவன் சொன்னதற்காகத்தான் சொல்லவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் விரலை எடுத்துக்கொண்டேன், வேலையை எடுத்துக்கொண்டேன், கடைசியில் அவனுடைய பெருந்தன்மையையும் எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

போன ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லூர்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். பாதி சாப்பாட்டில் கடிகாரத்தைப் பார்த்து எழுந்தான். மூன்று மணிக்கு அவனுக்கு வண்டி முறை.

“ஒக்காருடா,” என்றாள் ஸ்டெல்லா. “சோத்துலகூடவா அவசரம்? இந்த அவசரத்துலதான் வெரலத் தொலைச்ச, வேலையத் தொலைச்ச. இன்னும் புத்தி வரலியே உனக்கு!”

“ஆமாக்கா. நான் அப்படித்தான்,” என்று சிரித்தான். என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. குத்திக்காட்டுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். ரசம் கேட்டேன்.

இந்தத் தொடரின் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஸ்டெல்லாதான் முதலில் படிப்பாள். பிழை திருத்துவாள், “இது வேணாம், பெரியப்பா வீட்ல கோச்சுக்குவாங்க” என்று அடிப்பாள். இந்த வாரத்தை மட்டும் அவளிடம் காட்டாமல் அனுப்புகிறேன். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. ஊர் பார்க்கும்படி அச்சில் வந்துவிட்டால் அப்புறம் ‘சும்மாதான்’ என்று பின்வாங்க முடியாது. அதற்காகத்தான்.

ஸ்டெல்லா, உன் தம்பி அவசரப்படவில்லை. அவன் கேட்டான். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, இரண்டு தடவை என்னைக் கேட்டான். நான்தான் பதில் சொல்லவில்லை.